முதல் பார்ட் யாருக்கு?

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இப்போது எங்கள் பழைய வார்டுக்கு ஹெட் சிஸ்டர். போன மாதம் போன் செய்தாள். நலம் விசாரித்து முடித்ததும், "இப்போ நம்ம வார்டுல அந்த ஊசியே இல்லை தெரியுமா சிஸ்டர்? எல்லாம் மாத்திரைதான். பாதிப் பேர் சீக்கிரமே வீட்டுக்குப் போயிடுறாங்க. மிச்சப் பேர் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு போனைப் பார்த்துட்டுப் படுத்திருக்காங்க" என்றாள். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "புதுசா வந்த பிள்ளைங்க கேட்குதுங்க. அந்தக் காலத்துல மாயாஜாலக் கதைப் புத்தகத்தை வெட்டி வெட்டிக் குடுத்து மாத்திரை போட வைப்பாங்களாமே, நிஜமான்னு. நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்."

அந்தக் காலமாம்! ஓய்வு பெற்றுவிட்டாலும் எனக்கு இன்னும் முழுசாக நரைகூட விழவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் இதைச் சிரிப்புக் கதையாகக் கேட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நர்சிங் படித்தது, பிரசவ வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் ஓடி ஓடிக் கால் வீங்கியது எல்லாம் எல்லா நர்சுகளுக்கும் உள்ள கதை. என் கதை, நகரத்தின் வடக்குக் கோடியில் இருந்த நுரையீரல் வார்டுக்கு என்னை மாற்றியதில் தொடங்குகிறது. யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகாத இடம் அது. திருவொற்றியூரில் வீடு இருக்கிறது, பக்கம்தானே என்று தள்ளிவிட்டார்கள். சாதாரண மாத்திரைக்கு அடங்காத காசநோய்க்காரர்கள் இருந்த ஆண்கள் வார்டு. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். உள்ளே இருந்தவர்களும் பெரும்பாலும் அந்த லாரிகளோடும் கப்பல்களோடும் மாரடித்தவர்கள்தான்.

வைத்தியம் இரண்டு வருஷம் போகும். அதில் முதல் சில மாதங்களை வார்டிலேயே கழிக்க வேண்டும். தினம் ஒரு ஊசி, ஒரு கை நிறைய மாத்திரை. மாத்திரை வயிற்றைப் புரட்டும், தோலைக் கறுக்க வைக்கும், சிலருக்கு மனசையும் கெடுக்கும். ஊசி காதைத் தின்னும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்காமல் போகும், போனது திரும்பாது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு இருந்தால் பிழைக்கலாம். ஆனால் எத்தனை பேரால் தாங்க முடியும்? காலையில் போய்ப் பார்த்தால் படுக்கை காலியாக இருக்கும். பாதியில் விட்டுப் போனவர்கள் பிறகு திரும்பி வரும் நிலைமையைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது.

இந்த வார்டுக்கு ஹெட் சிஸ்டர் ராயபுரத்து ரோசலின். கத்த மாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், மரியாதை கூடும். "விஜயா, இங்க வாங்கம்மா" என்று அவர் மெல்லக் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். நோயாளிகளைப் படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு ஆகாது, பெயர்தான். முகக்கவசத்தில் மகா கண்டிப்பு. நான் வந்த புதிதில் வியர்வை தாங்காமல் மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டேன். அருகில் வந்து, தன் கையாலேயே அதை ஏற்றிவிட்டு, மூக்கின் மேல் கம்பியை அழுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் இறக்கியதில்லை. அவர் தன்னுடையதை இறக்கி ஒருவரும் பார்த்ததில்லை. அந்த வார்டில் இருந்தவர்களுக்கு ரோசலின் சிஸ்டர் என்றால் இரண்டு கண்களும் ஒரு நெற்றியும்தான்.

ஆட்களைப் படுக்கையில் நிறுத்தி வைக்க அவர் கண்டுபிடித்த வழிதான் புத்தகம். குடும்பக் கதையைக் கொடுத்துப் பார்த்தாராம், பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்து பையைக் கட்டினார்கள். துப்பறியும் கதை ஒரே நாளில் தீர்ந்தது. பக்திப் புத்தகத்தை நீட்டினால், "என்ன சிஸ்டர், அவ்ளோதானா நானு?" என்று முகம் வெளுத்தார்கள். கடைசியில் மாய உலகக் கதைகள் பிடிபட்டன. ஆளை அடிக்கிற மாதிரி தடித் தடியான புத்தகங்கள். அதில் வரும் ஊர் எதுவும் நம் ஊர் இல்லை. அங்கே யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பழைய புத்தகக் கடைகளில் அவரே தேடி வாங்குவார், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் வார்டுக்குள் விடுவார். ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சொட்டு மூலிகைச் சாறு குடித்ததும் செத்துக் கிடந்தவன் எழுந்து உட்காருகிற கதை கூடவே கூடாது. "அதைப் படிச்சுட்டு இந்த மாத்திரையை எப்படிப் பார்ப்பாங்க?" என்பார்.

புத்தகத்தை அவர் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். மேஜையில் செய்தித்தாளை விரித்து, புது பிளேடு மாட்டி, முதுகுத் தையலை ஒவ்வொன்றாக அறுப்பார். பதினாறு பக்கக் கட்டுகளாக அது கழன்று வரும். பழைய எக்ஸ்ரே கவரை வெட்டி ஒவ்வொரு கட்டுக்கும் அட்டை போடுவோம். வார்டில் அதற்குப் பெயர் பார்ட். காலையில் மாத்திரையை எங்கள் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால், பழைய பார்ட்டை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுப்போம். திரும்பி வந்ததை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து அடுத்த ஆளுக்கு. பார்ட் பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில் முடியும். கதாநாயகன் கதவைத் திறந்து பார்த்தால் அங்கே, என்று நின்றுவிடும். அதைப் பார்த்து ரோசலின் சிஸ்டருக்குக் கண்ணில் ஒரு சிரிப்பு. "நாளைக்கு இருப்பாங்க" என்பார்.

நோயாளிகளாக வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. முன்னால் படித்தவன் பின்னால் வருகிறவனுக்குக் கதையைச் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தைகூட. மீறினால் வார்டே அவனோடு பேசாது.

யார் முதலில் படிப்பது என்பது ஆரம்பத்தில் படுக்கை வரிசைப்படி இருந்தது. அப்படி ஒரு புத்தகம் ஓடிக்கொண்டிருந்தபோது, கோடிப் படுக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், தன் முறை வருவதற்குள் இறந்துபோனார். புத்தக அட்டையில் பார்த்ததை வைத்து, கடைசி நாளில்கூட, "அந்த ராட்சசன் இன்னா ஆனான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ரோசலின் சிஸ்டர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த புத்தகத்திலிருந்து வரிசை மாறியது. யாருக்கு உடம்பு மிகவும் முடியவில்லையோ அவருக்கு முதல் பார்ட். ஓரளவு தேறியவருக்குக் கடைசி. காரணத்தை அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படுத்துக் கிடக்கிறவனுக்குக் கவனிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? இரண்டு புத்தகம் முடிவதற்குள் வார்டு முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது. டாக்டர் சொல்வதை எவரும் நம்புவதில்லை. டாக்டர் எல்லாருக்கும் "தேறிட்டு வர்றீங்க" என்றுதான் சொல்வார். பார்ட் பொய் சொல்லாது. ஒருவருக்கு முதல் பார்ட் போனால், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தங்கள் பங்கு முட்டையை அவருக்கு அனுப்பிவிடுவார்கள். அவரும் வாங்கிச் சாப்பிடுவார். இப்படி ஒரு வழக்கம் எங்கள் கண் முன்னாலேயே வளர்ந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் இன்னொரு பெரியவர் கதை தெரியாமல் போவார்.

இந்த நிலைமையில்தான் தேவராஜ் வந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. கப்பலில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுகிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். கப்பலுக்குக் காத்திருக்கிற நேரத்திலெல்லாம் மாயக் கதைதான் படிப்பாராம், வேறு எதையும் தொட மாட்டாராம். ஏன் என்று கேட்டேன். "நம்ம ஊரு கதை எனக்கு இன்னாத்துக்கு சிஸ்டர்? அதத்தான் தெனம் பாத்துகினு கீறனே" என்றார்.

மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. கதையைச் சொல்ல மாட்டார், ஆனால் கதைக்காரனைக் கிழித்துத் தொங்கவிடுவார். "மூணு நாளா குதிரைல போறான் சிஸ்டர். குதிரை தண்ணி குடிக்காதா?" என்பார். மந்திரத்தைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. "மந்திரம்னா அதுக்குக் கூலி குடுக்கணும். சும்மா கைய ஆட்டுனா கோட்டை வந்துச்சுன்னா அது டுபாக்கூர் கதை. எதையாவது எழக்கணும் சிஸ்டர், அப்பத்தான் மெய்யாலுமே மந்திரம்." எனக்கு இந்த மாதிரிக் கதைகள் மேல் அதுவரை மதிப்பே இல்லை, சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அவர் பேச்சைக் கேட்டுத்தான், காயப்போட்ட பார்ட்டுகளை மாடியிலேயே நின்று படிக்க ஆரம்பித்தேன்.

அவருக்கு உடம்பு நன்றாகத் தேறிக்கொண்டு வந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி குறைந்தது. அந்தச் சமயத்தில் வார்டுக்குப் புதுப் புத்தகம் வந்தது. உள்ளே வர வேண்டுமானால் நிழலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டிய ஒரு நகரத்தின் கதை. ரோசலின் சிஸ்டருக்கு அன்று விடுமுறை, நான் இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறு வார்டிலிருந்து மாற்றாக வந்த நர்சுக்கு எங்கள் வரிசை தெரியாது. அவள் பாட்டுக்கு வாசலுக்குப் பக்கத்துப் படுக்கையிலிருந்து ஆரம்பித்தாள். மழையில் மேற்கூரை ஒழுகியதால், முந்தின நாள்தான் தேவராஜை அந்தப் படுக்கைக்கு மாற்றியிருந்தோம்.

அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். படுக்கையை வாசல் பக்கம் மாற்றினார்கள், இப்போது முதல் பார்ட்டும் வந்துவிட்டது. தன் காலம் முடிந்தது என்று அவர் போட்ட கணக்கு அவர் வரைக்கும் சரிதான். எதிர்ப் படுக்கையில் இருந்தவர் காசிம் பாய். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் பார்த்த பெரியவர். அவர் தன் முட்டையை உரித்து ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அன்று சாயந்திரமே தேவராஜின் மனைவி அமுலு பார்க்க வந்தாள். அவள் போனபோது அவரும் கூடவே போய்விட்டார். படுக்கை விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணை மேல் அந்த முதல் பார்ட்.

டாக்டர் போன் செய்தார். களப்பணியாளர் நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தார். "சாகறவனுக்கு நீங்க வேற இன்னா சொல்வீங்க?" என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. மருந்து நின்றால் கிருமி தலைதூக்கும், அந்த மருந்து மறுபடி வேலை செய்யுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு மதியம் ரோசலின் சிஸ்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "விஜயா, வாங்கம்மா, வியாசர்பாடி வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார்.

மூன்றாவது மாடி. கீழே பையன்கள் பந்து உதைக்கிற சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. தேவராஜ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அமுலுதான் எங்களிடம் பாய்ந்தாள்.

"மொதல் பார்ட்ட குடுத்துட்டு, இப்ப வந்து நல்லா கீறாருன்னு சொன்னா நாங்க நம்பணுமா சிஸ்டர்? இன்னா, எங்களப் பாத்தா எப்டி தெரியுது?"

ரோசலின் சிஸ்டர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் தேவராஜின் கண் கைப்பை மேல் போய்விட்டது.

"ரெண்டாவது பார்ட் எட்த்துகினு வந்தீங்களா சிஸ்டர்?"

"இல்லை."

"ஏன்?"

"உங்க முறை வரலை. நீங்க முதல் பார்ட்டைப் படிச்சதே தப்பு, வரிசை தெரியாத பிள்ளை குடுத்துடுச்சு. உங்களுக்கு முன்னாடி வார்டுல அத்தனை பேரும் இருக்காங்க. காசிம் பாய் படிக்கணும். எல்லாரும் படிச்சு முடிச்ச பிறகுதான் உங்களுக்கு. நீங்க கடைசி."

"கடைசியா?"

"கடைசி ஆள் நீங்கதான் தேவராஜ். வேணும்னா வந்து வரிசையில இருங்க. இல்லைன்னா உங்க இஷ்டம்."

அவர் கொஞ்ச நேரம் சிஸ்டரையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகிவிட்டது. அமுலுவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசா, கடைசியாம்யா! கடைசியாம்!" என்று அவர் முதுகில் மாறி மாறிக் குத்தினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காசிம் பாய்க்கு அப்பறமா சிஸ்டர்? அந்தாளு எழுத்து எழுத்தா வெரல வெச்சிப் படிப்பாரே, இன்னும் ஒரு வருஷம் ஆவும்" என்றார். மறுநாள் காலையில் பையோடு வந்து நின்றார்.

நிழல் நகரத்தின் கதையை அவர் கடைசி ஆளாகப் படித்தார். அவர் முறை வருவதற்குள், அவருக்கு முன்னால் படித்தவர்களில் இரண்டு படுக்கைகள் காலியாகிவிட்டன. சளியில் கிருமி இல்லை என்று வந்தது, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று அனுப்பினோம். அதற்குள் ஊசி அவர் காதில் முக்கால்வாசியைத் தின்றிருந்தது. போகும்போது, "காது போனா போவுது சிஸ்டர், கண்ணு கீதுல்ல? படிக்கறதுக்குக் காது எதுக்கு?" என்று கத்திச் சொன்னார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாமல் போய்விட்டிருந்தது.

இங்கேயே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் அவரை அமுலு ஆட்டோவில் அழைத்து வந்தாள். எலும்பும் தோலும்தான் வந்தது. முன்பு கேட்ட மருந்துகள் இப்போது கேட்கவில்லை. இடையில் விட்டுப்போன அந்த நாட்கள்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். எனக்கு அன்று முழுவதும் அழுகை அழுகையாக வந்தது.

காது சுத்தமாகப் போயிருந்தது. வீட்டில் அமுலுவின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார். வார்டில் எங்கள் எல்லார் வாயும் கவசத்தால் மூடியிருக்கும். அதனால் சிலேட்டில் எழுதிக் காட்டினோம்.

அப்போது சிஸ்டர் வாங்கி வைத்திருந்தது வேறொரு புத்தகம். கடல் வற்றிப் போன ஓர் உலகம். கடலைத் திரும்பக் கொண்டுவர ஒரு படகுக்காரி தனியாக நடந்து போகிறாள். அவளுக்கு மந்திரம் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை மந்திரம் சொல்லும்போதும், அவள் கடந்து வந்த பாதையில் ஒரு ஊர் இல்லாமல் போய்விடும். பிளேடால் பிரித்து அட்டையெல்லாம் போட்டாகிவிட்டது. முதல் பார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரோசலின் சிஸ்டர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள்தான் கடைசி என்று ஒருமுறை வாக்குக் கொடுத்தாயிற்று. இப்போது கடைசியில் வைத்தால் அவர் படிக்கவே போவதில்லை. முதலில் கொடுத்தால் அது என்ன என்று அவருக்குத் தெரியும்.

அவரே கூப்பிட்டார். வார்டு முழுக்கக் கேட்டது.

"சிஸ்டர்! இன்னா யோசன? எனக்கு மொதல்ல குடுங்க. எல்லாம் தெரியும். நான் அந்தக் கதையப் படிக்கணும், அவ்ளோதான்."

கொடுத்தார். இன்னும் கிருமி போகாமல் வார்டிலேயே இருந்த காசிம் பாய், முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தானே எழுந்து வந்தார். "இந்த தபா வாணாம் பாய், எறங்காது. நீ துண்ணு" என்று தேவராஜ் திருப்பி அனுப்பினார்.

நாளுக்கு ஒரு பார்ட். மற்றவர்கள் கையில் பழைய புத்தகம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், இதை அவர் முடித்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு. நாங்கள் தலையணையை உயர்த்திப் பிடித்துக்கொள்வோம். கோபம் மட்டும் குறையவில்லை. "அடுப்பு பத்த வெக்கறதுக்குப் போயி ஒரு ஊரத் தார வாத்துட்டாளே, அறிவு கீதா இவளுக்கு!" என்று சத்தம் போட்டார். போட்ட பிறகு, சட்டம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். வார்டு கேட்காதது போல் இருந்துவிட்டது. கடைசிப் பார்ட் வந்த அன்று அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் ஓடுது சிஸ்டர்" என்றார். சிலேட்டில் பெரிதாக எழுதினேன். அதுவும் ஓடியது.

"ரோசலின் சிஸ்டர் முழுசா படிச்சிருப்பாங்கல்ல? அவங்கள சொல்லச் சொல்லுங்க. எப்டி முடிக்கறான்?"

ரோசலின் சிஸ்டர் வந்தார். படுக்கைக்கு இரண்டு பக்கமும் இருந்த ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மேஜை விசிறியைத் தூக்கி வந்து, தன் முதுகுப் பக்கமிருந்து அவரை நோக்கிக் காற்று போகும்படி வைத்தார். நாற்காலியை அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றினார்.

"சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

தேவராஜ் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வயதான, மூக்கின் குறுக்கே கவசத்தின் கோடு பதிந்த ஒரு சாதாரண முகம். சிஸ்டர் உதட்டை நிதானமாக அசைத்து, எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் படகுக்காரியை ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு பொய் சொன்னால் என்ன, யார் சரிபார்க்கப் போகிறார்கள்? அவர் புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். கடைசி மந்திரத்தைச் சொல்கிறாள். கடல் வருகிறது. அவள் பிறந்த ஊர் மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதுவும் போய்விடுகிறது. படகில் ஏறி உட்காருகிறாள்.

தேவராஜ் தலையணையில் நிமிரப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய குரலில் கேட்டார்.

"அப்ப அவ வூட்டுக்கு வரவே மாட்டாளா சிஸ்டர்?"

சிஸ்டர் இல்லை என்று தலையாட்டினார்.

"கடலு வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"அப்ப சரி. கரெக்டாத்தான் முடிச்சிருக்கான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் கவசத்தை மாட்டிக்கொண்டு போய்க் கை கழுவினார். தனக்கே சீட்டு எழுதிக்கொண்டு எக்ஸ்ரேயும் எடுத்தார். பிற்பாடும் பலமுறை எடுத்தார், ஒன்றும் வரவில்லை. தேவராஜ் அந்த வாரமே போய்விட்டார். அமுலு கதறிய சத்தத்தில் கீழே நின்ற லாரிக்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

அவர் கேட்ட கேள்வி வார்டில் அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. கதையின் முடிவு இனி யாருக்கும் தெரியாததில்லை. யாராவது முணுமுணுப்பார்கள், வேறு புத்தகம் கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். மறுநாள் காலையில் காசிம் பாய் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, முதல் பார்ட்டுக்குக் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக, வார்டு மொத்தமும் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தது. அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள் என்று ஒருவர்கூட இன்னொருவரிடம் சொல்லவில்லை.